மூன்றாம் மாடியில் தண்ணீர் வருகிறது

ஐந்து மாதக் குழந்தை ஒன்றின் பின்பக்கம், குடிநீர் வாரியத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஏழாவது பொருளாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆறாவது பொருள், வடக்குப் பகுதியில் பெரிய குழாய் உடைந்து ஒரு வாரமாகத் தெருவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருப்பது. அதை இரண்டே நிமிஷத்தில் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டார்கள். ஏழாவது பொருளுக்கு மூன்று மணி நேரம் ஆனது. குழந்தைகள் மேல் வாரியத்துக்கு அக்கறை இல்லை என்று இனி யாரும் வாய் திறக்க முடியாது.

குழந்தையின் அம்மாவுக்கு அலுவலகத்தில் துளி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. தரைத்தளத்து மீட்டர் சோதனைக் கூடத்தில் பத்து வருஷமாக வேலை பார்க்கிறாள். வீடுகளுக்குப் போகிற தண்ணீர் மீட்டர் எதுவானாலும் முதலில் அவள் பெஞ்சுக்கு வந்தாக வேண்டும். பத்து மீட்டரை வரிசையாக மாட்டி, வால்வைத் திறந்து, நூறு லிட்டர் ஓடவிட்டு, ஒவ்வொன்றும் என்ன காட்டுகிறது என்று பார்ப்பாள். கூட்டிக் காட்டினாலும் தள்ளுபடி, குறைத்துக் காட்டினாலும் தள்ளுபடி. ஒரு முறை அதிகாரி ஒருவர், "ஒரு துளி வித்தியாசம்தானேம்மா, விட்டுடு" என்றார். "ஒரு துளின்னாலும் தப்பு தப்புதான் சார்" என்று மீட்டரைத் திருப்பி அனுப்பினாள். அன்று ஒட்டிக்கொண்ட பெயர். அதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பிரசவ விடுப்பு முடிந்ததும் பாப்பாவை மூன்றாம் மாடியில் இருக்கும் ஊழியர் குழந்தைகள் காப்பகத்தில் விட்டாள். வேறு போக்கு இல்லை. கணவன் சரக்கு லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் ஒரு நாள் வீட்டில் தங்கினால் அதிசயம். காப்பகம் உண்டென்றால் வேலை உண்டு, இல்லையென்றால் இல்லை. அவ்வளவு எளிய கணக்கு.

காப்பகத்தில் பதினாறு குழந்தைகள், ஒரு அக்கா. சுவரில் ஒரே ஒரு விதி: 'டயப்பர் மட்டும். துணிக்கு அனுமதி இல்லை.' வீட்டில் பிறந்ததிலிருந்து துணியிலேயே இருந்த பாப்பா, விதிக்குக் கட்டுப்பட்டு டயப்பருக்கு மாறினாள். ஒன்பதாம் நாள் தொடையிடுக்கு சிவந்தது. பத்தாம் நாள் தடித்தது. பன்னிரண்டாம் நாள் தோல் உரிந்து, துடைக்கப் போனால் வீரிட்டு அழுதாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் பழைய வேட்டித் துணியைக் கட்டிக் காற்றாட விட்டதில் ஆறினாற்போல் இருந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் மறுபடியும் நெருப்பாய்ச் சிவந்திருந்தது.

காப்பக அக்காவிடம் காட்டினாள். அக்கா பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குனிந்து, நன்றாகவே பார்த்தாள்.

"அடப் பாவமே! இப்படி வெந்து கிடக்கே. எல்லாப் பிள்ளைக்கும் ஒத்துக்கும்னு சொல்ல முடியுமா? இதுக்குத் துணிதான் லாயக்கு."

"அப்ப துணி கட்டிவிடுங்களேன் அக்கா."

"வாயால சொன்னா இங்க எதுவும் நடக்காதும்மா. எழுதிக் குடு. என்னைக் கேட்டா நான் சொல்றேன், ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்னு. நான் இருக்கேன், நீ பயப்படாதே."

மத்தியானச் சாப்பாட்டை ஐந்து வருஷமாக இருவரும் ஒரே மேசையில் வைத்துப் பகிர்ந்து தின்கிறவர்கள். துளி பயப்படவில்லை. நான்கே வரி எழுதினாள். தன் பிள்ளைக்கு டயப்பர் ஒத்துக்கொள்ளவில்லை என்றும், தினம் எட்டுத் துணி தானே கொண்டுவருவதாகவும் நனைந்ததைப் பையில் போட்டுக் கொடுத்தால் போதும், வீட்டில் தோய்த்துக்கொள்வதாகவும் எழுதி, கையெழுத்துப் போட்டு, நலன் அலுவலர் மேடத்திடம் கொடுத்தாள்.

மேடம் நான்கு வரியையும் இரண்டு முறை படித்தார்.

"எழுத்து அழகா இருக்கு. ஆனா படிவத்துல இல்லையே."

வாரியத்தில் விண்ணப்பப் படிவம் என்று இருப்பது ஒன்றுதான்; புதுக் குடிநீர் இணைப்புக்கானது. வேறு எதற்கும் யாரும் இதுவரை விண்ணப்பிக்கவில்லை என்பதால் வேறு படிவம் அச்சாகவில்லை. துளி அதையே நிரப்பினாள். நுகர்வோர் பெயர்: பாப்பா. கட்டடத்தின் உயரம்: இரண்டடி ஒரு அங்குலம். மாடிகள்: இல்லை. குடியிருப்போர் எண்ணிக்கை: ஒன்று. கழிவுநீர் வெளியேற வழி உள்ளதா என்ற கேள்விக்குச் சற்று யோசித்து, 'உண்டு' என்று எழுதினாள். தண்ணீர் வரும் நேரம் என்ற இடத்தில், 'சொல்ல முடியாது' என்று எழுதினாள். இந்த ஒரு பதிலைப் பார்த்து மேடம் தலையாட்டினார். மற்றவர்கள் நிரப்பித் தரும் படிவங்களிலும் அப்படித்தான் இருக்குமாம்.

"என் பிள்ளைக்கு மட்டும்தான் மேடம் கேக்கறேன்."

"ஒரு வீட்டுக்கு மட்டும் தனியாக் குழாய் போட முடியுமாம்மா? போட்டா தெரு முழுக்கப் போடணும். உனக்குத் துணின்னா பதினாறு பேருக்கும் துணி. அது கொள்கை முடிவு. மேல போகணும்."

மேலே போயிற்று. மனுவில் 'நனைந்த' என்று ஒரு சொல் இருந்ததால் கோப்பு கசிவுத் தடுப்புப் பிரிவுக்குப் போனது. அந்தப் பிரிவின் உதவிப் பொறியாளரை எல்லோரும் கசிவு சார் என்பார்கள். இருபது வருஷ அனுபவம். அவர் பிரிவுக்கு வந்தபோது ஊருக்குப் போகிற தண்ணீரில் பத்தில் மூன்று பங்கு வழியிலேயே ஒழுகிக்கொண்டிருந்தது. இப்போது நான்கு. அந்தத் துறையில் அவரளவுக்குக் கண்டவர் யாரும் இல்லை என்று வாரியமே ஒப்புக்கொள்கிறது.

துணியையும் டயப்பரையும் சோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்று கசிவு சார் முடிவு செய்தார். எங்கே? மீட்டர் பெஞ்சில். யார் சோதிப்பது? சான்று பெற்ற சோதகர் அந்தக் கட்டடத்தில் ஒருத்திதான். ஆக, தன் பிள்ளையின் வழக்கில் துளியே சோதனை நடத்தினாள். பத்து மீட்டர் மாட்டும் வரிசையில் முதல் இரண்டைக் கழற்றிவிட்டு, ஒன்றில் டயப்பரையும் மற்றதில் துணியையும் கவ்விகள் போட்டு இறுக்கினார்கள். இருநூறு மில்லி திறந்துவிட்டாள். டயப்பர் சத்தம் போடாமல் குடித்துவிட்டு உப்பிக்கொண்டது. துணி முதல் வினாடியிலேயே சொட்டியது.

"கசிவு!" என்றார் கசிவு சார், நெடுநாள் கழித்து உறவினரைப் பார்த்தவர் மாதிரி.

"துணின்னா சொட்டத்தான் சார் செய்யும். சொட்டினாத்தான் நனைஞ்சது தெரியும், தெரிஞ்சாத்தான் உடனே மாத்துவோம். டயப்பர் நனைஞ்சதே வெளிய தெரியாது. பிள்ளை மூணு மணி நேரம் அதுலயே கிடக்கும். புண்ணு அதனாலதான் வருது."

கசிவு சார் கவனமாகக் கேட்டு, கவனமாக எழுதினார்: 'துணி ஒழுகும் என்பதைச் சோதகரே ஒப்புக்கொள்கிறார். டயப்பரில் கசிவு வெளியே தெரிவதில்லை என்பதையும் உறுதி செய்கிறார்.' கீழே அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு சொல்லும் அவள் சொன்னதுதான். எதை மறுப்பது என்று தெரியாமல் போட்டுக் கொடுத்தாள்.

அதோடு விட்டார்களா என்றால் இல்லை. பெஞ்சுச் சோதனைக்குப் பிறகு களச் சோதனை என்று ஒன்று உண்டாம். மறுநாள் காலை பத்தரைக்கு மூன்று அதிகாரிகள் காப்பகத்துக்குப் போய், துணி கட்டிய பாப்பாவைப் பாயில் படுக்கவைத்து, சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கையில் நேரம் குறிக்கும் கடிகாரம், அளவுக் குடுவை, மூன்று பிரதி எடுக்கும் தாள். பாப்பா மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரித்தாள். கட்டைவிரலைச் சப்பினாள். செய்ய வேண்டியதை மட்டும் செய்யவில்லை. பதினொன்றரைக்கு ஒருவர் "உஸ்ஸ்ஸ்" என்று சொல்லிப் பார்த்தார். அது சாட்சியைத் தூண்டுவது ஆகும் என்று இன்னொருவர் தடுத்தார். பன்னிரண்டுக்கு மூவரும் தேநீர் குடிக்க வெளியே போனார்கள். திரும்பி வந்தபோது துணி, பாய், கீழே விரித்திருந்த கோப்பு அட்டை எல்லாம் தொப்பலாக இருந்தன. நடந்ததை மூவரும் கண்ணால் காணாததால் நடக்கவில்லை என்று பதிவானது.

இதையெல்லாம் துளி பொறுத்துக்கொண்டாள். உள்ளூர ஒரு தைரியம். அக்கா இருக்கிறாள். புண்ணை இரண்டு கண்ணாலும் பார்த்தவள். எல்லாக் கோமாளித்தனமும் முடிந்து யாராவது ஒருவர் 'பிள்ளைக்கு என்ன ஆச்சு?' என்று கேட்டால் போதும், அக்கா சொல்லிவிடுவாள்.

கூட்டத்தில் நீள மேசை. ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் ஒரு தண்ணீர் பாட்டில், கடையில் வாங்கியது. தலைமைப் பொறியாளர் எழுந்து நின்றார். கடைசியில் போட்டிருந்த முக்காலியில் துளி உட்கார்ந்திருந்தாள்.

"துணிக்கு நான் விரோதி இல்லை. நானே துணியில வளந்தவன்தான், என்னைப் பாத்தா தெரியும். ஆனா தனி மனுஷனோட ஆசை வேற, நிறுவனத்தோட கடமை வேற. கசிவுப் பிரிவு அறிக்கையைப் படிச்சேன். படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துது. இந்த டயப்பர் இருக்கு பாருங்க, எவ்வளவு ஊத்தினாலும் உள்ள வாங்கிக்குது. வெளிய தொட்டுப் பாத்தா காய்ஞ்சு இருக்கு. உள்ள என்ன நடக்குதுன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. முப்பது வருஷமா இந்த வாரியத்தை அப்படி ஒரு நிலைமைக்குக் கொண்டு வரணும்னுதான் நான் பாடுபடறேன்."

கை தட்டினார்கள்.

"துணியோட குணம் என்ன? ஒண்ணு நடந்தா உடனே காட்டிக் குடுத்துடும். அந்த மாதிரி ஊழியர்களும் நம்மகிட்ட சில பேர் இருந்தாங்க. இப்ப இல்லை."

மறுபடியும் கை தட்டினார்கள், கொஞ்சம் வேகமாகவே.

துளி எழுந்தாள். "சார், பிள்ளைக்குப் புண்ணு சார்."

"உக்காரும்மா, அதுக்கும் வரேன். நம்ம சட்டம் தெளிவா இருக்கு. மீட்டர் வரைக்கும் வாரியத்தோட பொறுப்பு. மீட்டரைத் தாண்டினா நுகர்வோர் பொறுப்பு. டயப்பரை மீட்டர்னு வச்சுக்குங்க. பிள்ளையோட தோல் அதுக்கு அந்தப் பக்கம் இருக்கு. அங்க நாம தலையிட்டா அத்துமீறல்."

அப்போதுதான் கசிவு சார் ஒரு தப்புச் செய்தார். இருபது வருஷத்தில் அவர் வாயிலிருந்து தவறி விழுந்த ஒரே உண்மை அதுவாக இருக்கும்.

"இன்னொண்ணும் இருக்கு சார். பதினாறு பிள்ளைக்கும் துணின்னா அங்கயே அலசணும். மூணாம் மாடிக் குழாயில..."

ஒருவர் பாட்டில் மூடியைத் திறந்தவர் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். குடிநீர் வாரியத் தலைமைக் கட்டடத்தில் முதல் மாடிக்கு மேல் தண்ணீர் ஏறி ஏழு வருஷம் ஆகிறது. அழுத்தம் போதவில்லை. ஊருக்கெல்லாம் அழுத்தம் கொடுக்கிற இடத்தில் இப்படி என்று எங்கே எழுதி, யாரிடம் புகார் கொடுப்பது? ஆகவே புகார் இல்லை. புகார் இல்லாததால் தண்ணீர் வருவதாக அர்த்தம். டயப்பர் விதி ஏன் வந்தது என்பது துளிக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது.

தலைமைப் பொறியாளர் தொண்டையைச் செருமினார். "மூணாம் மாடியில தண்ணி வருது. குறிப்புல எழுதுங்க. காப்பகத்து அம்மாவைக் கூப்பிடுங்க, அவங்களே சொல்லட்டும்."

அக்கா வந்தாள். புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். துளி அவளைப் பார்த்துச் சிரித்தாள். அக்கா சுவரைப் பார்த்தாள்.

"காப்பகத்துல தண்ணி வருதாம்மா?"

"வருதுங்க சார். தினமும் வருது."

பொய் என்று சொல்ல முடியாது. தினமும் வந்தது, தரைத்தளத்திலிருந்து, இரண்டு வாளியில், அக்காவின் கையில்.

"நல்லது. இந்தப் பிள்ளைக்கு டயப்பரால புண்ணு வந்ததா ஒரு புகார். நீங்க பாத்தீங்களா?"

துளி முக்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். அக்கா வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள்.

"நான் எதையும் பாக்கலைங்க."

அதற்கப்புறம் பேசியது எதுவும் துளியின் காதில் விழவில்லை. மேடமோ கசிவு சாரோ தலைமைப் பொறியாளரோ செய்தது எதுவும் அவளை இப்படி அடிக்கவில்லை. அவர்கள் யாரும் 'நான் இருக்கேன்' என்று சொன்னதில்லை. சொன்னவள் ஒருத்தி. ஐந்து வருஷம் ஒரே டப்பாவில் கை விட்டுச் சாப்பிட்டவள், நட்டாற்றில் விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. 'துணியைக் கொள்கையளவில் வரவேற்கிறோம். நடைமுறையில் டயப்பர் தொடரும். மூன்றாம் மாடியில் தண்ணீர் வருகிறது.'

சாயங்காலம் படிக்கட்டில் அக்காவைப் பிடித்தாள். இரண்டு கையிலும் நிறைவாளி. இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றிருந்தாள்.

"ஏன் அக்கா? ஏன் அப்படிச் சொன்னீங்க?"

அக்கா வாளியைக் கீழே வைக்கவில்லை. "நீ உன் பிள்ளைக்குன்னு கேட்டே. அதுக்கு நான் சரின்னேன். அவங்க பதினாறு பிள்ளைக்கும்னு ஆக்கிட்டாங்களே! பதினாறு பிள்ளைத் துணியை அலச எத்தனை வாளி வேணும், சொல்லு. நீ கணக்குப் பாக்கறவதானே? தூக்கறது யாரு? இந்த இடுப்பைப் பத்தி உன் காகிதத்துல ஒரு வரி இருந்துதா?"

துளி மனுவை மனசுக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்த்தாள். நான்கு வரியிலும் அக்காவின் இடுப்பு இல்லைதான்.

"அதையாவது அங்க சொல்லியிருக்கலாமே. தண்ணி வரலை, தூக்கிட்டு வரேன்னு."

"எங்க? தண்ணி வாரியத்துல போய், தண்ணி வரலைன்னா? நான் ஒப்பந்தக் கூலிம்மா. நாளைக்கு வராதேன்னா அவ்வளவுதான். உனக்கென்ன, நிரந்தரம்."

"என் முகத்தைப் பாத்துச் சொல்லியிருக்கலாம்."

"பாத்திருந்தா சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள் அக்கா. நாலு படி ஏறியவள், நின்று, குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்குத் துணியைக் கொண்டா. பைக்கு அடியில வச்சு, மேல டயப்பரை வை. மேடம் எட்டிப் பாத்துட்டுப் போனதும் மாத்தி விடறேன். நனைஞ்சதைப் பையிலயே போட்டு வைக்கறேன். வெளிய மூச்சு விட்டுடாதே."

அந்த வாய் சொன்னதை நம்புவதா என்று துளிக்கு மனசு கசந்தது. ஆனால் விடிந்தால் பிள்ளையை அந்தக் கையில்தான் கொடுத்தாக வேண்டும். கொடுத்தாள். அக்கா சொன்னபடியே செய்தாள். தினம் எட்டுத் துணி போயிற்று, எட்டும் ஈரமாகத் திரும்பி வந்தது. முதலில் நான்கு வரியில் கேட்டாளே, அதேதான் அட்சரம் பிசகாமல் நடந்தது. அன்று கேட்டபோது அது கோரிக்கை, இப்போது திருட்டு. பதிவேட்டில் மட்டும் தினமும் 'டயப்பர், நான்கு' என்று அக்கா எழுதிவந்தாள்.

பத்தே நாளில் புண் ஆறிப் புதுத் தோல் வந்துவிட்டது.

நலன் அலுவலர் மேடம் ஒரு காலை காப்பகத்துக்கு வந்தார். பாப்பாவைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. புண் ஆறியிருக்கிறது, பதிவேட்டில் இருப்பது டயப்பர். ஆக டயப்பரால் புண் ஆறும். அறிக்கை மேலே போன வேகத்தில் வாரியத்தின் தண்ணீர் ஒரு நாள் போயிருந்தால் ஐந்தாம் மாடிக்கே ஏறியிருக்கும்.

துளியைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்கள். ஒரே வாக்கியம்: 'காப்பகத்தில் விட்ட என் குழந்தைக்கு இருந்த புண் முழுமையாக ஆறிவிட்டது.'

"உண்மைதானேம்மா?" என்றார் மேடம்.

உண்மைதான். ஒரு துளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கையெழுத்துப் போடாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்றால் துணி. துணி என்றால் அக்காவுக்கு வேலை போகும், பாப்பாவுக்கு இடம் போகும், அப்புறம் தனக்கும் வேலை போகும். போட்டாள்.

விழா எடுத்தார்கள். பாப்பாவின் படத்தைப் பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டினார்கள். இடுப்புக்குக் கீழே மட்டும். தலைமைப் பொறியாளர் பேசினார்.

"கிளை அலுவலகங்கள் ஆறுலயும் இன்னமும் துணிதான் கட்டறாங்களாம். கேட்டா, எங்களுக்குக் கீழ்த்தளம், தண்ணி வசதி இருக்குங்கறாங்க. வசதி இருக்குன்னு சொல்லிக்கிட்டுப் பின்தங்கி இருக்கலாமா? இந்தத் தாயோட கையெழுத்தே ஆதாரம். இந்த மாசத்துலேருந்து அங்கயும் டயப்பர் மட்டும்."

காப்பக அக்காவுக்குக் கேடயம் கொடுத்தார்கள். கூடவே ஒப்பந்தக் கூலியிலிருந்து நிரந்தரமாக்கும் உத்தரவும் வந்தது. அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முன்வரிசையில் இருந்த துளியும் கை தட்டினாள். தட்டாமல் இருக்க முடியவில்லை; படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் பையைக் கொடுத்தபோது அக்கா அடியில் இருந்த துணியை எடுத்து அவளிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இனிமே வேணாம்மா. கேடயம் வாங்கின காப்பகம்னு ஆள் மாத்தி ஆள் வந்து பாத்துக்கிட்டே இருக்காங்க. மாட்டினா ரெண்டு பேருக்கும் சீட்டுக் கிழிஞ்சுடும்."

"மறுபடி புண்ணு வந்துடுமே அக்கா."

"வந்தா, ஆறிடுச்சுன்னு எழுதிக் குடுத்தவ நீதானே?" அக்கா கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னாள். அதுதான் இன்னும் வலித்தது.

அந்த வாரக் கடைசிக்குள் பாப்பாவின் தொடையிடுக்கு மறுபடி சிவந்தது. இந்த முறை துளி யாரிடமும் காட்டவில்லை.

அடுத்த வாரம் சோதனைக் கூடத்து வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கிழக்குக் கிளையில் பம்ப் ஓட்டுகிறவளாம். இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். தோளில் குழந்தை, துளியின் பாப்பா வயசுதான் இருக்கும். பெஞ்சின் மேல் ஒரு துண்டை விரித்து, குழந்தையைப் படுக்கவைத்து, டயப்பரின் ஒட்டுப்பட்டையைப் பிரித்துக் காட்டினாள். துளி பார்க்க வேண்டியதே இல்லை. பார்த்தாள்.

"துணியில இருந்தவரைக்கும் ஒரு கொப்புளம் கிடையாதுக்கா. இதைப் போட்டு எட்டு நாள்தான் ஆகுது. எங்க அலுவலகத்துல கேட்டா உங்க கையெழுத்தைக் காட்டறாங்க. அதான் உங்களையே கேட்டுடலாம்னு வந்தேன். அது உங்க கையெழுத்துதானா?"

"என்னுதுதான்."

"உங்க பிள்ளைக்கு நிஜமாவே ஆறிடுச்சா?"

வால்வு திறந்திருந்தது. பத்து மீட்டரும் ஓடிக்கொண்டிருந்தன. இவளிடம் உண்மையைச் சொன்னால் நாளைக்கே கிழக்குக் கிளையிலிருந்து ஒரு மனு வரும். அதில் தன் பெயர் இருக்கும். யார் மாற்றினார்கள், எப்போது மாற்றினார்கள், பதிவேட்டில் எழுதியது யார் என்று கேட்பார்கள். அக்காவின் நிரந்தரம், பாப்பாவின் இடம், பத்து வருஷ வேலை. எல்லாம் ஒரே மூச்சில் மனசுக்குள் ஓடியது.

"ஆறிடுச்சு" என்றாள் துளி.

"டயப்பர்லயேவா?"

துளி மீட்டரைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள்.

அந்தப் பெண் குழந்தையின் ஒட்டுப்பட்டையை மறுபடி இழுத்து ஒட்டினாள். குழந்தை அழுதது. தூக்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தாள்.

"அப்ப தப்பு என் மேலதான் போலிருக்குக்கா. நான்தான் பிள்ளையைச் சரியா வச்சுக்கத் தெரியாம வச்சிருக்கேன்" என்றாள். வேலை நேரத்தில் வந்து தொந்தரவு செய்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிப் போனாள்.